பற்சக்கரங்களுக்கு நடுவே ஓர் எண்ணெய்ப் படலம்

இரும்பும் இரும்பும் ஒன்றையொன்று தொடாமலே ஒன்றையொன்று சுழற்றிக்கொண்டு போக முடியும் என்பதை ஒரு மோட்டார் வண்டியின் கையேட்டில்தான் நான் முதலில் அறிந்தேன். பற்சக்கரத்தின் ஒரு பல் மற்றொரு பல்லின்மேல் முழுப் பாரத்தோடு அழுந்துகிற கணத்தில், இரண்டுக்கும் இடையே தலைமயிரைவிட மெல்லியதாக ஓர் எண்ணெய்ப் படலம் நிற்கிறது. பாரத்தைத் தாங்குவது அந்தப் படலமே என்று அதில் விளக்கியிருந்தது. ரசாயனத்தில் பட்டம் பெற்று, அதைக் கொண்டு எதுவும் செய்யாமல் ஸ்ரீரங்கத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த எனக்கு, புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருக்கத் தோன்றியது.

அறுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் திருச்சியில் வக்கீல். வீடு உத்தர வீதியில். ஆபீஸ் ஆற்றுக்கு அக்கரையில், தென்னூரில். ஆபீசின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை இருந்தது. தாயகம் திரும்பிய ஓர் ஆங்கிலேய அதிகாரியிடமிருந்து வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார் அதில் நின்றது. கரும்பச்சை நிறம், தரையோடு தாழ்ந்த உடல், கித்தான் கூரை, இரண்டே இருக்கைகள். என் மாமியார் அதை முதன்முதலில் பார்த்தபோது சுற்றி வந்து, குனிந்து உள்ளே பார்த்து, நிமிர்ந்து சொன்னார்:

"வெள்ளைக்காரன் யோசிச்சுத்தான் பண்ணியிருக்கான். மாமியாருக்கு இடமே வைக்கலை."

"பின்னாடி பெட்டி வைக்க இடம் இருக்கேம்மா," என்றார் என் கணவர்.

"அதுலயும் என்னை மடிச்சு வைக்கலாம்ங்கறயா?"

நீதிமன்றத்தில்கூட மெல்லிய குரலில் பேசுகிற மனிதர் என் கணவர். பாலத்தின்மேல் மாட்டு வண்டி முன்னால் போனால் ஹாரன் அடிக்க மாட்டார். பின்னாலேயே ஊர்ந்து வருவார். ஆனால் அவருக்குள் ஓர் ஆசை இருந்தது. சென்னைக்கு வடக்கே, யுத்த காலத்தில் போட்ட விமான ஓடுதளம் ஒன்றில் கார்ப் பந்தயம் நடத்திவந்தார்கள். ஒரே ஒரு தடவை, எதிரே யாரும் வராத அந்தத் தளத்தில், இந்த வண்டியை அது எந்த வேகத்துக்காகப் பிறந்ததோ அந்த வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். பெயர் கொடுத்துவிட்டார். மாசி முடிவதற்குள் போக வேண்டும்.

தடை ஒன்றுதான். வண்டி வேகமெடுத்தால் பின் அச்சிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. முன்பு வைத்திருந்தவர் உள்ளே என்ன எண்ணெய் ஊற்றினார் என்று யாருக்கும் தெரியாது. அயல்நாட்டு வண்டிகளுக்கான உதிரிப் பாகங்கள் இறக்குமதியாவது அப்போது நின்றுபோயிருந்தது. இன்ஜினின் பேரிங் எனப்படும் தாங்கியோ, கியரின் ஒரு பல்லோ, பின் அச்சின் சக்கரமோ கெட்டுப்போனால் மாற்றுப் போட நாட்டில் ஒன்று இல்லை. வண்டி அந்தத் தகரக் கொட்டகையை விட்டு அப்புறம் வெளியே வராது. ஆகவே பழைய எண்ணெயை எல்லாம் இறக்கிவிட்டு, மூன்று இடங்களுக்கும் சரியான எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருந்தது. "நீதான் படிச்சவ, நீ பாரேன்," என்று சொல்லிக் கையேட்டை என்னிடம் கொடுத்தார். அதில் பரிகாசம் இல்லை.

மூன்று இடங்களில் என்னை மிகவும் மலைக்க வைத்தது டிஃபரன்ஷியல். பின் அச்சின் நடுவே பூசணிக்காயைப் போல் உருண்டிருக்கும் இரும்புக் கூடு. வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போக வேண்டும், உட்பக்கச் சக்கரம் குறைவாகப் போக வேண்டும். இரண்டுக்கும் அந்தந்த அளவைப் பிரித்துக் கொடுப்பது அந்தக் கூட்டுக்குள் இருக்கும் பற்சக்கரங்கள். சித்திரைத் தேர் வீதி முனையில் திரும்பும்போது எத்தனை ஆட்கள், எத்தனை முட்டுக்கட்டைகள், எவ்வளவு கூச்சல் என்று பார்த்து வளர்ந்தவள் நான். அதே காரியம் இங்கே ஒரு பூசணிக்காய்க்குள் சத்தமில்லாமல் முடிந்துகொண்டிருந்தது.

எண்ணெய் வாங்கப் பாலக்கரைக்கு இருவரும் போனோம். லாரிகளுக்கு எண்ணெய் விற்கும் ஒரு முஸ்லிம் வியாபாரியின் கடை. வரிசையாகப் பீப்பாய்கள், நடுவே வெள்ளைத் தொப்பியோடு அவர். பாய் என்றுதான் ஊரே அவரை அழைக்கும்.

"வாங்க வக்கீல் சாமி. அம்மாவையும் கூட்டிட்டு வந்திருக்கீங்க. கேஸு பெருசுதான் போலிருக்கு."

என் கணவர் விவரத்தைச் சொன்னார். பாய் ஒரு பீப்பாயைத் தட்டிக் காட்டினார்.

"கியர் பாக்ஸு, டிஃபரன்ஷியல் ரெண்டுக்கும் இதான். ஹைப்பாய்ட் ஆயில். இருக்கறதுலயே உசத்தி. லாரிக்காரங்க எல்லாம் ரெண்டுக்கும் இதத்தான் ஊத்துறாங்க. உசத்தி சரக்கு எங்க ஊத்தினாலும் உசத்திதானே?"

விரலில் தொட்டு முகர்ந்தேன். தீக்குச்சி எரிந்து அணைந்தாற்போல் கந்தக வாடை.

"கியர் பாக்ஸுக்குள்ள வெண்கல வளையங்கள் இருக்குன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு, பாய். கந்தகம் பட்டா வெண்கலம் என்னாகும்னுதான் யோசனையா இருக்கு."

"லாரி கியரு வேற சாதிம்மா. சேத்துல கிடந்தாலும் ஓடும். இது..." என்று நிறுத்தி, தாடியைத் தடவிக்கொண்டார். "எனக்குத் தெரியலம்மா. தெரியாததைத் தெரியும்னு சொல்லி வித்தா நாளைக்கு அல்லாகிட்ட யாரு பதில் சொல்றது? இதுல ஒரு குப்பி, சாதா இன்ஜின் ஆயில் ஒரு குப்பி, ரெண்டும் கொண்டுபோய்ப் பாருங்க. வந்து எனக்கும் சொல்லுங்க."

வீட்டுக் கொல்லையில் குமுட்டி அடுப்பை மூட்டி, பழைய பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கொதிக்கும் நீருக்குள் இரண்டு கண்ணாடிக் குப்பிகளை நிறுத்தினேன். நயா பைசா வந்தபின் செல்லாமல் போன ஓட்டைக் காலணாக்கள் வீட்டில் கிடந்தன, வெண்கலம். நடு ஓட்டையில் நூல் கோத்து, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி, குப்பிக்கு ஒன்றாக இறக்கினேன். மாமியார் கொல்லை வாசற்படியில் நின்று பார்த்தார்.

"காசைப் பொரிச்சுத் தளிகை பண்ற மாட்டுப்பொண்ணை இந்த வீதியில வேற யாரும் கொண்டுவரலை."

"ராத்திரிக்குக் கூட்டு இதுதாம்மா," என்றேன்.

"எனக்கு ஏகாதசி. உன் ஆத்துக்காரனுக்குப் போடு."

பிற்பகல் முழுதும் தண்ணீர் கொதித்தது. சாயங்காலம் நூலைப் பிடித்து இரண்டையும் தூக்கினேன். சாதாரண எண்ணெயில் இருந்த காசு போனபடியே திரும்பி வந்தது. மற்றது விளிம்பில் மயில் கழுத்தின் நிறமாகி, உள்ளே போகப்போகக் கறுத்திருந்தது. அழகான நிறம், அதனாலேயே கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

ஆனால் வெண்கலத்தை அரிக்கும் அந்தக் கந்தகமே பின் அச்சின் எஃகுப் பற்களுக்குக் கவசம் என்று கையேடு சொன்னது. ஹைப்பாய்ட் வகை அச்சில் பற்கள் உருள்வது மட்டுமல்ல, ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே அழுந்துகின்றன. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய் பிதுங்கி விலகிவிடும். அப்போது ஏறும் சூட்டில் கந்தகம் இரும்போடு கூடி ஒரு மெல்லிய தோலாகி, பல்லுக்குப் பதிலாகத் தான் தேய்ந்துபோகிறது. ஓரிடத்தில் நஞ்சாவது இன்னோரிடத்தில் உயிரைக் கொடுத்துக் காக்கிறது. பாடப் புத்தகத்தில் சமன்பாடாகப் படித்திருந்த விஷயத்துக்கு இத்தகைய மனசு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

எங்கள் வண்டியின் அச்சு அந்த வகைதானா என்பது அடுத்த கேள்வி. கொட்டகையில் கோரைப்பாயை விரித்து, வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். முன்னிருந்து வரும் சுழல்தண்டு, அச்சின் நடுமட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாகக் கூட்டுக்குள் நுழைந்தது. ஹைப்பாய்டுக்கு அதுதான் அடையாளம். வெளியே என் கணவர் உட்கார்ந்து, பொறுக்க முடியாமல், "என்ன, என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "தாழ்வாத்தான் போறது," என்று உள்ளிருந்தே சொன்னேன்.

பின் அச்சுக்குக் கந்தக எண்ணெய் என்று முடிவாயிற்று. கியர் பெட்டிக்கு, கையேட்டின்படியே, இன்ஜினுக்கு ஊற்றும் எண்ணெய். இன்ஜினுக்கு எது? குளிர்நாட்டில் எழுதிய கையேட்டில் பனிக்காலத்துக்கு இளகலான எண்ணெய், கோடைக்கு அதைவிடக் கெட்டியானது, வெப்ப நாடுகளுக்கு என்று கடைசியாக ஒரு வரி. அவர்கள் மிகுந்த வெப்பம் என்று எழுதியிருந்தது எங்களுக்கு மாசி மாதத்து வெயில். கடைசி வரியில் இருந்த, எல்லாவற்றிலும் கெட்டியான நாற்பதாம் எண் எண்ணெயையும் கந்தக எண்ணெயையும் பாயிடம் வாங்கிவந்தோம். காசு கறுத்த கதையைச் சொன்னதும் அவர், "சுப்ஹானல்லா. காசு பேசிருச்சு," என்றார்.

அத்துடன் விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் வண்டியோடு கூட வந்த சாமான்களில் ஒரு டின் இருந்தது; அந்த ஆங்கிலேயர் பந்தயத்துக்கென்று வைத்திருந்த இன்ஜின் எண்ணெய், பாதிக்குமேல் மீதம். அதன் மூடியைத் திறந்து முகர்ந்த மாமியார் முகம் மலர்ந்தது.

"ஏண்டா, இது விளக்கெண்ணெய்டா. குழந்தையில உனக்குச் சங்குல புகட்டினேனே, அதேதான்."

அவர் சொன்னது சரி. ஆமணக்கெண்ணெய் மிகுந்த சூட்டிலும் படலம் கிழியாது. அக்காலப் பந்தயக்காரர்கள் அதைத்தான் நம்பினார்கள். டின்னில் இருந்தது இன்ஜினுக்குப் போதாது. அங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் குறுக்கே வந்தது.

"போறலைன்னா வாங்கிண்டு வந்ததோட கலந்துக்கோயேன்," என்றார் மாமியார். "நெய், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய் மூணும் சேர்ந்தா முக்கூட்டு. தனித்தனியா ஏத்தறதைவிட அதுதானே நின்னு எரியறது?"

என் கணவர் முதலில் சிரித்தார். அப்புறம் யோசித்தார், வக்கீல்கள் யோசித்தால் எதற்கும் நியாயம் கிடைத்துவிடும். ஒன்றுக்குச் சூட்டைத் தாங்கும் குணம், மற்றதற்குக் கெடாமல் இருக்கும் குணம். கூட்டினால் இரண்டும் கிடைக்கும். எங்கள் வீட்டுப் பெருமாள் உள்ளில், அதாவது பூஜையறையில், தினமும் நின்று எரிகிற சுடர் அதற்குச் சாட்சி. மறுநாள் தென்னூரில் பழைய எண்ணெயை இறக்கி, பின் அச்சில் கந்தக எண்ணெயும் இன்ஜினிலும் கியர் பெட்டியிலும் அந்தக் கலவையும் ஊற்றி, காவேரிக் கரை அம்மா மண்டபம்வரை ஓட்டிவந்தார். வண்டி அமரிக்கையாக ஓடியது. பின்னால் இனிப்பான ஒரு வாசனை வந்தது. படித்துறைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பார்த்தயா," என்றார் என்னிடம், மிகவும் சந்தோஷமாக.

அந்தக் கலவையில் கொஞ்சம் ஓர் ஊறுகாய் பாட்டிலில் மிஞ்சியிருந்தது. கொட்டவில்லை, மூடி, ஜன்னலில் வைத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து வீட்டுப் பெருமாளின் திருவாராதனத்துக்குப் பூப்பறிக்க எழுந்தபோது விடிவெளிச்சம் அதன் ஊடாக வந்துகொண்டிருந்தது. பாட்டிலுக்குள் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு மேலே ஒரு மஞ்சள், கீழே வேறொரு மஞ்சள். குலுக்கினேன், பால்போலக் கலங்கியது. கீழே வைத்தேன், தளிகை முடிவதற்குள் மறுபடி பிரியத் தொடங்கிவிட்டது. இரண்டுமே தெளிவான எண்ணெய்கள், இரண்டுமே குற்றமற்றவை. ஆனால் மண்ணுக்கடியிலிருந்து வந்ததும் விதையிலிருந்து வந்ததும் ஒன்றையொன்று ஏற்பதாக இல்லை. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியாது. மாமியார் பின்னால் வந்து நின்றதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"பிரிஞ்சுடுத்தா?" என்றார்.

"ஆமாம்மா."

"வண்டிக்குள்ளயும் இப்படித்தான் இருக்குமா?"

"சூடுபட்டிருக்கும். இதைவிட மோசமா இருக்கலாம்."

அவர் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல், "மூலவர் பெரிய பெருமாள் சுதைத் திருமேனி. அவருக்குத் தைலக்காப்புதான், ஜலம் படக் கூடாது. உத்சவர் நம்பெருமாளுக்கு ஜலத்தால திருமஞ்சனம். ரெண்டும் ஒரே பெருமாள்தானேன்னு யாரும் மாத்திப் பண்றதில்லை," என்றார். "எனக்கு இது தோணியிருக்கணும். அவன்கிட்ட நான் சொல்றேன்."

அவரே சொன்னார். பந்தயத்துக்குப் பத்து நாள்கூட இல்லை. என் கணவர் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார், நானும் போனேன். இன்ஜினின் அடித்தட்டைக் கழற்றினோம். உள்ளிருந்து வந்தது எண்ணெய் என்று சொல்லத்தக்கதாக இல்லை. பாகு பதம் தப்பியதுபோல் கம்பி கம்பியாக இறங்கியது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலையில் பாதி, கோந்து பூசியதுபோல் அடைபட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஓடியிருந்தால் வலை முழுதும் அடைந்திருக்கும். அப்புறம் தாங்கிகளுக்கு எண்ணெய் ஏறியிருக்காது. அவர் அந்த வலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அந்த ஒரு பந்தய ஞாயிற்றுக்கிழமைக்காக இந்த மனிதர் எத்தனை வருஷம் மெதுவாக ஓட்டியிருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

மண்ணெண்ணெயில் அந்தப் பிசின் கரையவில்லை. ஆமணக்கெண்ணெய் சாராயத்தில் கரையும் என்று படித்தது எனக்கு நினைவுக்கு வந்தது. மதுவிலக்கு அமலில் இருந்த காலம். மறுபடியும் பாலக்கரை.

பாய் முழுவதையும் கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற கூலியாள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தினார். "வக்கீல் சாமி, ஸ்ரீரங்கத்துலேந்து வந்து துலுக்கன் கடையில சாராயம் கேக்குறீங்க. ரெண்டு பேரு மானமும் போச்சு."

"குடிக்க இல்லை பாய். கழுவ."

"கோர்ட்டுல அப்படித்தான் சொல்வாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க." சிரித்துக்கொண்டே எழுந்து போனார். மேசை நாற்காலிக்கு மெருகு போடும் கடைக்காரர் லைசென்சில் வாங்கி வைத்திருந்த ஸ்பிரிட்டில் ஒரு பெரிய பாட்டிலோடு வந்தார். "நீல நிறமா இருக்கு பாருங்க. குடிச்சா கண்ணு போயிரும். அதனால பயமில்லாம எடுத்துட்டுப் போங்க."

வலையை, அடித்தட்டை, குழாய்களை அதில் துடைத்தோம். கியர் பெட்டியையும் மூடியைத் திறந்து, எட்டியவரை துடைத்தோம். கை எட்டாத இடங்களுக்காக நாற்பதாம் எண் எண்ணெயையே ஊற்றி, சற்று ஓடவிட்டு, சூட்டோடு இறக்கி, மறுபடி ஊற்றினோம். இறங்கிய எண்ணெயை ஒவ்வொரு தடவையும் பாட்டிலில் பிடித்து ஜன்னலில் வைத்தேன். கோடு மெலிந்துகொண்டே வந்தது. ஒருநாள் காலை பார்த்தபோது கோடு இல்லை.

பந்தயத்துக்கு முதல்நாள் விடியற்காலை சென்னைப் பெருஞ்சாலையில் புறப்பட்டோம். பின் அச்சில் முனகல் இருக்கிறதா என்று இருவரும் காதைத் தீட்டிக்கொண்டே போனோம். இருந்தது, ஆனால் முன்னைப்போல் இல்லை, அல்லது காற்றில் எங்களுக்குக் கேட்கவில்லை. விழுப்புரம்வரை நாங்கள் அதைப் பற்றி மட்டுமே பேசினோம்.

அந்த ஓடுதளத்தை நான் மறக்கவில்லை. புல்வெளி நடுவே கண்ணுக்கெட்டிய தூரம் சிமெண்ட்டு. மேலே பெரிய, வெறுமையான வானம். கயிறு கட்டியிருந்த இடத்தில் சனங்களோடு நின்றேன். கொடி இறங்கியதும் எல்லா வண்டிகளும் ஒரே இரைச்சலாகப் போய்ச் சிறுத்து மறைந்தன. பின்பு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கரும்பச்சைப் புள்ளி வளர்ந்து வந்தது. என் எதிரே அது கடந்தது ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் நான் கண்டது என் கணவரின் முகம்: வாய் லேசாகத் திறந்து, கண்கள் வெகுதூரத்தில், பெருமாள் சேவையில் திரை விலகும்போது மனிதர்களுக்கு இருக்குமே, அந்த முகம். அந்த உடம்புக்கு அடியில், அச்சின் கூட்டுக்குள், ஒரு நொடிக்கு எத்தனை பற்கள் ஒன்றின்மேல் ஒன்று அழுந்தி விலகுகின்றன என்று கணக்கிடத் தொடங்கி, முடியாமல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் வண்டி திரும்பி வந்தது. அது திரும்பி வருவதே எனக்கு நம்ப முடியாத காரியமாக இருந்தது.

மறுநாள் இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

"யாருடா ஜெயிச்சா?" என்று கேட்டார் மாமியார்.

"யாரோ ஒருத்தர்."

"நீ எத்தனாவது?"

"எனக்குப் பின்னாடியும் ரெண்டு பேர் வந்தா."

"போறும். சாத்தமுதுக்கு சாதம் போட்டுக்கோ," என்று ரசத்தைக் கரண்டியில் எடுத்தார்.

அடுத்த நாள் காலை தென்னூருக்குப் போனதும் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். இன்ஜின் எண்ணெயும் கியர் பெட்டியின் எண்ணெயும் கறுத்திருந்தன, அவ்வளவுதான். பின் அச்சைத்தான் கடைசிக்கு வைத்திருந்தார். அடிப்பூட்டைத் திருகியதும், கந்தக வாடையோடு எண்ணெய் தடித்து இறங்கி, நான் நீட்டிய வெள்ளை எனாமல் தட்டில் விழுந்தது. பற்கள் தேய்ந்திருந்தால் அதில் இரும்புத் தூள் மின்னும். தட்டைக் கொட்டகை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் சாய்த்தேன். விரலில் எடுத்துக் கட்டைவிரலோடு தேய்த்தேன். நறநறப்பு இருக்கிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை தேய்த்தேன்.

அவர் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை. கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன தெரியறது?" என்று கேட்டார்.

"ஒண்ணும் தெரியலை."

"நன்னாப் பார்த்தயா?"

"பார்த்துட்டேன். ஒரு துளி தூள்கூடத் தெரியலை."

பிறகு அவர் பூட்டைத் திரும்ப முடுக்கும் ஓசை கேட்டது, நிதானமாக. நான் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே வெயிலில் நின்றேன்.